நல்லது கெட்டதற்கு இடமில்லாத வீடுகள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள் நம் பெரியவர்கள். இரண்டும் கையைக் கடிக்கும் செலவு என்பதால் ஒரே பழமொழியில் சேர்த்துக் கட்டினார்கள் என்றுதான் பொதுவாக விளக்கம் சொல்கிறோம். கட்டடக்கலை பயிலும் மாணவி என்ற முறையில் எனக்கு இதில் இன்னொரு தொடர்பும் தெரிகிறது. கட்டிய வீட்டில்தான் கல்யாணத்தைப் பண்ண வேண்டும். அதே வீட்டில்தான் பிள்ளைக்குத் தொட்டில் கட்ட வேண்டும், பெண்ணுக்குச் சடங்கு சுற்ற வேண்டும், ஒருநாள் வீட்டுப் பெரியவரைக் கிடத்தி வழியனுப்பவும் வேண்டும். 'நல்லது கெட்டது' என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, அந்த நாள்களைத் தாங்க வேண்டியது வீடு.

இன்று கெடாவில் நம்மவர்கள் பலர் குடியிருக்கும் வீடுகள் அந்த நாள்களைத் தாங்குவதில்லை. அத்தகைய வீடுகளை வரையக் கற்றுத்தரும் கல்வியும் அந்த நாள்களைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது என் கருத்து. அந்தத் தொடர்பையும், அதில் தமிழ் மாணவர்களாகிய நாம் செய்யக்கூடிய ஒரு வேலையையும் இக்கட்டுரையில் முன்வைக்க விரும்புகிறேன்.

லயம் நடத்திய பாடம்

நான் பிறந்தது கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் சீவியவர்கள். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டை முடிக்கும் வரையில் எங்கள் முகவரி லயத்து வீடுதான். அதன் பிறகு குடும்பம் சுங்கை பட்டாணிக்கு மாறியது. இடைநிலைப்பள்ளிக் காலம் முழுவதும் மலிவு விலை அடுக்குமாடி ஒன்றில் கழிந்தது. ஆகவே இரண்டு வகை வீட்டிலும் வாழ்ந்தவள் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

தோட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் மனத்தில் விரித்துப் பாருங்கள். மேட்டில் துரை பங்களா. அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள். பள்ளத்தில் தொழிலாளர் லயங்கள். ஆபீசு, பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, பள்ளி, கோவில், கள்ளுக்கடை. யார் யாரைப் பார்க்க வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் முதலிலேயே தீர்மானித்து வரைந்த திட்டம் அது. பண்பாடு வீட்டை வடிவமைக்கிறது என்று சொல்லும்போது நாம் நம் பண்பாட்டை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். தோட்டத்தை வடிவமைத்ததும் ஒரு பண்பாடுதான், ஆனால் அது தோட்ட முதலாளியின் பண்பாடு. 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்தான் நம் வாயில் 'லயம்' ஆயிற்று. ஆட்களை வரிசையாக வைத்தால் எண்ணுவது எளிது, கண்காணிப்பது எளிது, கட்டும் செலவும் குறைவு.

நம்மவர்கள் அந்தத் திட்டத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்குக் கெடாவே சாட்சி. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த வரலாறு நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1947-இல் அது பெரும் போராட்டமாக வெடித்தது. அதைத் தொழிலாளர் வரலாறாகவும் சீர்திருத்த வரலாறாகவும் படிக்கிறோம். நம் குடியிருப்பில் கள்ளுக்கடை இருக்கத்தான் வேண்டுமா என்று அங்கே குடியிருந்தவர்களே கேட்ட கேள்வி அது என்பதால், அதைக் குடியிருப்புத் திட்டமிடலின் வரலாறாகவும் படிக்கலாம்.

அவ்வளவு பெரிய அளவில் இல்லாமல், சத்தமில்லாமல் நடந்த மாற்றங்களும் உண்டு. எங்கள் லயத்தில் பத்துக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் குறுகலான தாழ்வாரம், உள்ளே ஒரு கூடம், ஓர் அறை, பின்னால் சமையலுக்குச் சின்ன இடம். துரை கொடுத்தது அவ்வளவுதான். மீதியை மக்கள் செய்துகொண்டார்கள்.

முதலில் அஞ்சடி. சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் கடைகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதை இருக்க வேண்டும் என்று ராபிள்ஸ் 1822-இல் விதித்தார். பின்னர் மலாயாப் பட்டணங்களிலும் அது பரவி, மலாயில் 'காக்கி லீமா' என்றும் தமிழில் 'அஞ்சடி' என்றும் ஆனது. பட்டணத்துக் கடைத்தெருவின் சொல்லைத் தோட்டத்து மக்கள் தங்கள் வீட்டு முன்வாசலுக்குச் சூட்டினார்கள். சொல்தான் பட்டணத்துச் சொல், பயன்பாடு ஊர்த் திண்ணையின் பயன்பாடு. தாத்தா பலகை அடித்து ஒரு விசுபலகை போட்டிருந்தார். வந்தவர் உள்ளே வராமலேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போகலாம். வீட்டுக்கும் வெளிக்கும் நடுவில் அப்படி ஓர் இடம் தேவைப்படுகிறது. சிலரை உள்ளே அழைக்கவும் முடியாது, வெளியே நிறுத்தி வைக்கவும் முடியாது.

அடுத்தது குசினி. கொடுத்த சமையல் இடத்தைப் பாட்டி பாத்திரம் வைக்க மட்டும் வைத்துக்கொண்டார். பின்பக்கம் தகரம் சாய்த்து, மண் அடுப்பும் அம்மியும் போட்டு, உண்மையான சமையலை அங்கேதான் செய்தார். மிளகாய் வறுத்தால் நெடி காற்றோடு போய்விடும். மீன் கழுவிய தண்ணீர் நேராக வாழைக்குப் போகும். அம்மிக்கும் அரிவாள்மனைக்கும் உட்கார்ந்து வேலை செய்யத் தரை வேண்டும், அங்கே தரை இருந்தது. இன்று விலை உயர்ந்த வீடமைப்புத் திட்டங்களின் விளம்பரங்களில் 'ஈரச் சமையலறை, உலர் சமையலறை' என இரண்டு சமையலறைகளைப் பெருமையாகப் போடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் தகரக் கொட்டகைதான் நினைவுக்கு வருகிறது.

மூன்றாவது, இரண்டு லயங்களுக்கு நடுவே இருந்த வெற்றிடம். எந்த வரைபடத்திலும் அதற்குப் பெயர் இருந்திருக்காது, தீப்பிடித்தால் பரவாமல் இருக்கவும் சாக்கடை ஓடவும் விட்ட இடைவெளியாக இருக்கலாம். எங்களுக்கு அது கல்யாண மண்டபம். பந்தல் அங்கேதான், அடுப்பு மூட்டிப் பெரிய அண்டாவில் சோறு வடிப்பது அங்கேதான். சாவு விழுந்தாலும் அங்கேதான். கூடத்தில் கிடத்திய உடலை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டி, சடங்குகளை முடித்து, லயத்து மக்கள் அனைவரும் சுற்றி நின்று அனுப்பி வைப்பார்கள். பத்து வீட்டு அஞ்சடியும் அன்றைக்கு உறவினர் உட்காரும் இடமாகிவிடும். ஒரு வீட்டின் நல்லது கெட்டதைப் பத்து வீடும் சேர்ந்து தாங்கும்.

அடுக்குமாடியில் விடுபட்டவை

சுங்கை பட்டாணியில் எங்களுக்குக் கிடைத்த வீடு லயத்தைவிடப் பல மடங்கு மேலானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள்ளேயே கழிவறை. குழாயைத் திறந்தால் தண்ணீர். கூரை ஒழுகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாத்தா வேலையிலிருந்து நின்றால் காலி செய்ய வேண்டிய வீடு அல்ல அது. மலிவு விலை வீட்டுக்கு 25,000 ரிங்கிட் என 1980-களின் தொடக்கத்தில் அரசு உச்ச விலை வகுத்தது. 1998-இல் அது இடத்துக்கு ஏற்ப 42,000 ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. மூன்று படுக்கையறை, அடுக்குமாடி என்றால் 63 சதுர மீட்டர் என்ற தர அளவும் அதே காலக்கட்டத்தில் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய எத்தனையோ குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்ற சொல்லை முதன்முதலில் சாத்தியமாக்கியவை இந்தத் திட்டங்கள்தாம்.

ஆனால் சட்டம் எதை எண்ணுகிறது என்று கவனியுங்கள். தீபகற்ப மலேசியாவில் வீடு வரைபவர் எவரும் பின்பற்ற வேண்டிய 1984-ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டங்களில், முதல் அறைக்குக் குறைந்தது 11 சதுர மீட்டர், இரண்டாவதற்கு 9.3, மற்றவற்றுக்கு 6.5 என அளவு உண்டு. சமையலறைக்கு 4.5 சதுர மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர் போதும். தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கென 1966-இல் தனிச் சட்டம் வந்தது. அதனிடத்தில் 1990-இல் 446-ஆவது சட்டம் வந்தது. 2019-இல் அதுவும் திருத்தப்பட்டது. இவையெல்லாம் தேவையான சட்டங்கள். இவை இல்லையென்றால் லயத்து அறைகளே இன்றும் தொடர்ந்திருக்கும். என்றாலும் இந்த அளவுகளெல்லாம் ஒரு சாதாரண நாளின் அளவுகள். படுப்பதற்கு, சமைப்பதற்கு, குளிப்பதற்கு என்று கணக்கிட்டவை. முப்பது பேர் வந்து நிற்கும் நாள் அந்தக் கணக்கில் இல்லை.

அதன் விளைவை அன்றாடம் பார்க்கிறோம். அஞ்சடி இருந்த இடத்தில் பொது நடைக்கூடம் வந்தது. அது யாருக்கும் சொந்தமில்லை என்பதால் செருப்பு அலமாரி வைத்தாலே நிர்வாகத்தின் அறிவிப்பு ஒட்டப்படும். விசுபலகை போட்டு உட்கார்வதை நினைத்தும் பார்க்க முடியாது. கோலம் போட்டால் எதிர் வீட்டுக்காரர் மிதிக்காமல் போக வழியில்லை. சாமிக்கு இடம் தேடினால், காலியாக இருக்கும் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் கழிவறை. என் அம்மா கடைசியில் சாமிப் படங்களைக் குளிர்பதனப் பெட்டிக்கு மேலே பலகை அடித்து வைத்தார். தாளிக்கும் நெடி கூடத்தைத் தாண்டிப் படுக்கையறைத் துணிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் மீன் பொரிப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்தோம். வீட்டுக்கு ஏற்ப நாங்கள் மாறிக்கொண்டோம் என்பதே உண்மை.

இவற்றையெல்லாம் சின்னச் சின்ன வசதிக்குறைவு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு சாவை அப்படி ஒதுக்க முடியாது. மின்தூக்கி இல்லாத எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருந்த ஒரு தாத்தா தவறிப்போனார். பெட்டியைப் படிக்கட்டின் திருப்பத்தில் திருப்ப முடியவில்லை. உடலைத் துணியில் வைத்து, நான்கு பேர் மாற்றி மாற்றித் தாங்கி, கீழே கார் நிறுத்துமிடத்தில் போட்டிருந்த கூடாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்டுவதற்கு மறைவாகச் சேலைகளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் நின்றோம். இரண்டு கார்களுக்கு நடுவில் சடங்கு நடந்தது. எல்லாரும் உதவினார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்து மலாய்க் குடும்பமும் சீனக் குடும்பமும் தங்கள் கார்களை எடுத்து இடம் கொடுத்தன. மக்களிடம் குறை இல்லை. இந்தக் கட்டடத்தில் மனிதர் இறக்கவும் கூடும் என்று படிக்கட்டை வரைந்தவருக்கு யாரும் நினைவூட்டவில்லை என்பதுதான் குறை.

பாடத்தில் இருப்பது யாருடைய வீடு?

கட்டடக்கலையைத் தேர்ந்தெடுத்தபோது இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும் என எண்ணினேன். கிடைத்த பாடங்கள் அரியவை. அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அவை எங்கே தொடங்குகின்றன என்பதைப் பாருங்கள்.

உலகமெங்கும் பல தலைமுறை மாணவர்கள் படித்த கட்டடக்கலை வரலாற்று நூல் பானிஸ்டர் பிளெட்சருடையது. முதல் பதிப்பு 1896. அதில் வரும் 'கட்டடக்கலை மரம்' என்ற படம் புகழ்பெற்றது. கிரேக்கமும் உரோமும் நடுத்தண்டு. இந்தியா, சீனா, பெரு போன்றவை ஓரத்தில் பிரிந்து, மேற்கொண்டு வளராத கிளைகள். பின்வந்த பதிப்பில் இவற்றை 'வரலாறு அல்லாத பாணிகள்' என்றே வகைப்படுத்தினார்கள். பிற்காலத்தில் அது திருத்தப்பட்டுவிட்டது. எனினும் நடுத்தண்டில் தொடங்கிக் கிளைக்கு வரும் பழக்கம் பாடத்திட்டங்களை விட்டு முற்றாக நீங்கவில்லை.

அளவுகளுக்கு நாங்கள் புரட்டும் கைநூல் எர்ன்ஸ்ட் நொய்பர்ட் 1936-இல் ஜெர்மனியில் வெளியிட்டது. கட்டில், நாற்காலி, சமையல் மேடை, மனிதன் கையை உயர்த்தினால் எவ்வளவு உயரம் என எல்லாம் உண்டு. எந்த மாணவரும் அது இல்லாமல் பிழைக்க முடியாது. அதிலிருந்து எடுத்துப் போடும் சமையலறையில் நின்றுகொண்டு சமைப்பவர் ஒருவர். பாயைச் சுருட்டி வைத்துவிட்டால் கூடமாகவும், விரித்தால் படுக்கையறையாகவும் மாறும் ஓர் அறையை அந்த அளவுகளால் மட்டும் வரைய முடியாது. முதலாண்டு வீடு வடிவமைக்கும் இடுபணியில் எங்களுக்குக் கொடுத்த விவரம் 'நால்வர் கொண்ட குடும்பம், ஒரு கார்' என்பதுதான். காருக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். பாட்டி எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

கோட்பாட்டு வகுப்பில் இதற்கு மாறான பாடமும் நடக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஏமஸ் ராப்பபோர்ட் 1969-இல் எழுதிய 'வீட்டு வடிவமும் பண்பாடும்' என்ற நூலைப் படிக்கிறோம். தட்பவெப்பமும் கட்டுமானப் பொருளும் வீட்டின் வடிவத்தைத் திருத்தலாம், ஆனால் அதை முதன்மையாகத் தீர்மானிப்பது ஒரு மக்கள் கூட்டம் எப்படி வாழ விரும்புகிறது என்பதே என அவர் வாதிடுகிறார். தேர்வில் அதை எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். பிறகு ஸ்டூடியோவுக்குள் நுழைந்து நால்வருக்கும் ஒரு காருக்கும் வீடு வரைகிறோம். கோட்பாடு ஒரு கதவாலும் வடிவமைப்பு வேறொரு கதவாலும் வருகின்றன, இரண்டும் சந்திப்பது குறைவு.

சந்திக்கும் இடம் ஒன்று நம் நாட்டுக் கல்வியில் உண்டு. 'லுக்கிசான் தெருக்கூர்' எனப்படும் அளவீட்டு வரைபடப் பாடம் அது. மாணவர்கள் குழுவாக ஒரு பழைய கட்டடத்துக்குச் சென்று, அளவுநாடா பிடித்து, தூண் தூணாக, பலகை பலகையாக அளந்து, தளப்படம், வெட்டுப்படம், முகப்புப்படம் எனத் தாளில் ஏற்றுகிறார்கள். வீட்டாரிடம் பேசி அந்த வீட்டின் கதையையும் எழுதுகிறார்கள். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காலாம் ஆய்வு மையத்தில் இத்தகைய வரைபடங்கள் ஒரு பெரும் தொகுப்பாகவே பாதுகாக்கப்படுகின்றன. மலாய் மரவீடுகளும் பள்ளிவாசல்களும் அரண்மனைகளும் அப்படித்தான் காகிதத்தில் உயிர் பிழைத்தன. லிம் ஜி யுவான் 1987-இல் மலாய் வீட்டைப் பற்றி எழுதிய நூலைத் திறந்தால், குடும்பம் பெருகப் பெருக வீடு எப்படிப் பகுதி பகுதியாக வளர்ந்தது, விருந்து நாளில் செராம்பி எப்படிப் பயன்பட்டது என்பதெல்லாம் படங்களோடு இருக்கின்றன. மலாய் வீட்டை மதித்துப் படித்தவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை வரவில்லை, வழிதான் தெரிந்தது. லயத்து வீட்டை அப்படி அளந்து வரைந்த ஒரு தொகுப்பை மட்டும் என் நான்காண்டுப் படிப்பில் நான் கண்டதில்லை.

தமிழ்நாட்டிலும் நிலைமை முழுத் திருப்தி தருவதாக இல்லை. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கப்பட்ட கல்லூரி சிற்ப சாத்திரத்தையும் மரபுக் கட்டடக்கலையையும் கற்பிக்கிறது. கணபதி ஸ்தபதி அதன் தலைவராக இருந்து பெரும்பணி செய்தார். ஆனால் கோவிலையும் சிலையையும் மையமாகக் கொண்ட அந்தப் படிப்பு ஒரு தண்டவாளம், பொறியியல் சார்ந்த கட்டடக்கலைப் படிப்பு இன்னொரு தண்டவாளம். செட்டிநாட்டு வீடுகளுக்கு ஆய்வும் புகழும் உண்டு, அவற்றில் சில இன்று தங்குவிடுதிகளாகவும் ஆகிவிட்டன. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித்தொழிலில் ஈட்டிய பணம் அந்த வளவுகளின் தேக்குத் தூண்களாக நிற்கிறது. அதே மலாயாவில் பால்வாளி தூக்கியவர்களின் வீடுகள் மட்டும் எந்தப் பாடத்திலும் இடம்பெறவில்லை. தூண் இருந்தால்தான் கட்டடக்கலை என்று நாமும் சேர்ந்தே நம்பிவிட்டோமோ?

பழையதெல்லாம் பொன்னா?

லயத்தைப் பற்றி இப்படிப் பேசினால், பழைய அடிமை வாழ்வுக்கு ஏங்குகிறாயா என்று யாரேனும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மெல்லிய பலகைச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குழந்தை இருமினால் நமக்குக் கேட்கும். ஒரு குழாய்க்கு எத்தனையோ வாளிகள் வரிசை நிற்கும். வீடும் வேலையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்ததால் எதிர்த்துப் பேசியவன் வேலையோடு வீட்டையும் இழப்பான். தொடக்க காலத் தோட்டங்களில் சாதிவாரியாக லயம் ஒதுக்கியதும் உண்டு. அவற்றுக்கு ஏங்குபவள் அல்ல நான்.

பண்பாடு என்று நாம் போற்றும் பழக்கத்திலும் எல்லாம் போற்றத்தக்கவை அல்ல. திண்ணை ஆண்களின் இடமாகவே இருந்தது. மாதத்தின் அந்த மூன்று நாள்களில் பாட்டி என்னைச் சாமித் தட்டின் பக்கம் வரவிடாமல் குசினியோரம் உட்கார வைத்தார். புழக்கடை வழியாகத்தான் வர வேண்டும் என்று சிலருக்கு விதித்த ஊர்களிலிருந்து வந்தவர்கள்தாம் நாம். ஆகவே 'பண்பாட்டுக்கு ஏற்ற வீடு' என்றால் பழையதை அச்சுப்பிசகாமல் மீண்டும் கட்டுவது என்று நான் பொருள் கொள்ளவில்லை. வாஸ்து பார்த்துக் கதவை மாற்றுவதும், வாயிலில் தோரண வளைவு வைப்பதும்கூட எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று உட்கார்ந்து பேச வேண்டும். பேசுவதற்கு முன், இருந்தது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. பல இனத்தார் வாழும் நாட்டில் ஓர் இனத்துக்கென வீடு வரைய முடியுமா? முடியாது, வேண்டவும் வேண்டாம். எங்கள் கட்டடத்து மலாய்க் குடும்பத்துக்குக் கெண்டூரி நடத்த இடம் வேண்டும். சீனக் குடும்பத்துக்கும் மூன்று நாள் இழவு காக்க இடம் வேண்டும். வாணலியில் புகை எழுப்பிச் சமைக்காத இனம் இந்த நாட்டில் எது? கீழ்த்தளத்தில் தண்ணீரும் வடிகாலும் மறைவும் உள்ள ஒரு திறந்த மண்டபம், பெட்டியைச் சாய்க்காமல் திருப்பக்கூடிய படிக்கட்டு, வெளிக்காற்று படும் சமையல் இடம், வீட்டுக்கு முன் உட்கார நான்கு அடி. இவை நான்கும் இருந்தால் மூவினமும் பிழைக்கும். ஒரு சமூகத்தின் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்து வரைந்தால், பக்கத்து வீட்டாருக்கும் அது பயன்படும்.

அளந்து வைப்போம்

கடாரம் என்றதும் நாம் நெஞ்சை நிமிர்த்துகிறோம். கி.பி. 1025 வாக்கில் இராசேந்திர சோழனின் படை வந்த மண் என்று மேடைதோறும் முழங்குகிறோம். மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டியைப் போய்ப் பாருங்கள். 1930-களில் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்து, 1960-ஆம் ஆண்டு வாக்கில் அலஸ்டர் லாம்ப் மீளக் கட்டிய கோவில் அது. விமானமும் மண்டபமுமாகத் தளம் இந்திய மரபைச் சேர்ந்தது. ஆனால் கல்லால் ஆன தூண்பீடங்களின்மேல் நின்றவை மரத்தூண்கள், கூரையும் இந்த மண்ணில் கிடைக்கும் மரத்தாலும் ஓலையாலும் ஆனதாகவே இருந்திருக்க வேண்டும். திட்டம் ஓரிடத்திலிருந்து வர, வாழும் இடம் அதைத் தனக்கேற்பத் திருத்திக்கொண்டது. அஞ்சடியிலும் தகரக் குசினியிலும் நடந்தது அதேதான்.

அந்தக் கோவிலின் ஒவ்வொரு கல்லையும் அறிஞர்கள் அளந்து வைத்தார்கள். 2013-இல் சுங்கை பத்துவில் 11-ஆம் எண் சண்டியை மேம்பாட்டாளர் இடித்துத் தள்ளியபோது, அங்கே இருந்தது என்ன என்று சொல்ல முடிந்ததற்கு முந்தைய பதிவுகளே காரணம். ஆயிரமாண்டுக் கோவிலுக்கே இந்தக் கதி என்றால், நூறாண்டு லயத்துக்கு யார் பொறுப்பு? கூலிம், பாடாங் செராய், பீடோங், கோல கெட்டில் வட்டாரங்களில் பல லயங்கள் ஏற்கெனவே இடிக்கப்பட்டுவிட்டன. நிற்பவற்றில் பலவற்றில் இன்று அயல்நாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். விசுபலகை போட்டவர்களும் தகரம் சாய்த்தவர்களும் எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டார்கள். கட்டடம் விழுவதற்கு முன்னே அவர்களின் நினைவு விழுந்துவிடும்.

ஆகவே என் கோரிக்கை எளிமையானது. அளவீட்டு வரைபடப் பாடத்துக்கு இடம் தேடும் ஆண்டில், பல்கலைக்கழகங்கள் கெடாவின் லயம் ஒன்றையும் தேர்வு செய்யட்டும். அந்த மாணவர்களுக்கு நம் பாட்டிமார் பேசும் தமிழ் விளங்காது. அங்கே நாம் தேவைப்படுவோம். தமிழ்மொழிக் கழகத்தில் மொழியியல் படிப்பவர் உண்டு, வரலாறு படிப்பவர் உண்டு, பொறியியல் படிப்பவர் உண்டு. பேட்டி எடுக்க ஒருவர், அளக்க இருவர், வரைய ஒருவர் போதும். அஞ்சடி, குசினி, பெரட்டு, ஆயாக் கொட்டகை, விசுபலகை எனத் தோட்டத்து வீட்டுச் சொற்களைத் தொகுத்தாலே அது ஒரு நல்ல அகராதி. முன்னாள் மாணவர்களில் கட்டடக்கலைஞராகவும் நகராண்மைக் கழக அதிகாரியாகவும் பணிபுரிவோர் இருந்தால், எங்கே எந்த லயம் இன்னும் நிற்கிறது என்ற தகவலையாவது தந்து உதவலாம்.

விரிவுரையாளர்களிடமும் ஒரு விண்ணப்பம். வீடு வடிவமைக்கும் இடுபணியைக் கொடுக்கும்போது 'நால்வர், ஒரு கார்' என்பதோடு மூன்று நாள்களையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு சாதாரண நாள், ஒரு நல்ல நாள், ஒரு கெட்ட நாள். மூன்று நாளும் அந்த வீட்டில் எப்படி நடக்கும் என்று மாணவர் வரைந்து காட்டட்டும். பாட்டி எங்கே என்று அதன் பிறகு யாரும் கேட்க வேண்டியிருக்காது.

நம்மில் பலர் ஒவ்வோர் ஆண்டும் விடுமுறையில் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்தப் போகிறோம். மைக்கும் பதாகையும் எடுத்துப் போகிறோம். இந்த முறை பையில் ஓர் அளவுநாடாவும் இருக்கட்டும் தோழர்களே. முகாம் முடிந்த மாலையில், நிற்கின்ற ஒரு லயத்தின் முன் இறங்கி, அங்கே இருக்கும் தாத்தாவிடமோ பாட்டியிடமோ அனுமதி கேட்டு, நாடாவின் ஒரு முனையை அவர் கையிலேயே கொடுங்கள். எங்கிருந்து எதுவரை அளக்க வேண்டும் என்று அவரே சொல்லித் தருவார்.